அட்ரினலின் ஊசிப்பேனா: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடும் ஒவ்வாமை உள்ள என் மகளுக்காக ஓராண்டாக வைத்திருக்கும் இந்தத் தானியங்கி ஊசிப்பேனா, 0.3 மில்லிகிராம் அட்ரினலினை உடையின் மேலாகவே தொடையின் வெளிப்பக்கத் தசைக்குள் செலுத்துகிறது. மருந்தைக் குறை சொல்ல இடமில்லை: ஆல்ஃபா ஏற்பிகள் (செல்களில் மருந்து பற்றிக்கொள்ளும் இடங்கள்) வழியே தளர்ந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை மீட்பதும், பீட்டா ஏற்பிகள் வழியே இதயத் துடிப்பை வலுப்படுத்தி மூச்சுக்குழாய்களை விரிப்பதும் சில நிமிடங்களில் நிகழ்கின்றன. ஒருமுறை பயன்படுத்தியபோது மூச்சுத்திணறல் தணிந்தது. கூடவே வந்த படபடப்பும் நடுக்கமும் மருந்தின் இயல்பே. (அவளைவிட என் கைதான் அதிகம் நடுங்கியது.) விளைவு நெடுநேரம் நிற்காது என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், இரண்டாவது பேனாவும் உடனிருப்பது நல்லது.

வடிவமைப்பில்தான் குறை. காப்பு மூடி ஒரு முனையிலும் ஊசி மறுமுனையிலும் இருப்பதால், பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலில் குத்திக்கொள்ளும் அபாயம் உண்டு. பயிற்சிப் பேனாவில் பழகுவது அவசியம். பிரொப்பிரனோலால் போன்ற பீட்டா தடுப்பான்களை (பீட்டா ஏற்பிகளை மறிக்கும் மருந்துகளை) உட்கொள்வோருக்கு இம்மருந்தின் பலன் குறையலாம் என்பதால், அவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பேனாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. பக்கவாட்டுச் சாளரத்தில் தெரியும் திரவம் நிறம் மாறியிருந்தால் புதியது வாங்கிவிட வேண்டும்.