ஓப்பன்மீடியாவால்ட்டில் கோப்பு அனுமதிகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டில் சும்மா கிடந்த மேசைக்கணினியில் 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டைப் பொருத்தி, கணினியை நாஸாக, அதாவது வலையமைப்பு வழியே வீட்டார் கோப்புகளைப் பகிரும் சேமிப்பகமாக, மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் 7-ஐ நிறுவி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஃபோல்கர் டைலே 2009-இல் உருவாக்கத் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளின் 7-ஆம் பதிப்பு டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் இயங்குகிறது. நிறுவுவதும் பகிர்வைத் திறப்பதும் எளிது. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பயனரின் பொறுமை சோதிக்கப்படுவது கோப்பு அனுமதிகளில்தான்.

பழைய டெபியன் மடிக்கணினியின் வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி வழியாக நாஸில் செருகி, பல ஆண்டுப் புகைப்படங்களை ரூட் எனப்படும் முழு அதிகாரமுள்ள பயனராக 'சிபி -ஏ' கட்டளையால் நகலெடுத்தேன். மறுநாள் விண்டோஸ் கணினியிலிருந்து பார்த்தால் படங்கள் திறந்தன. மங்கலான படம் ஒன்றை அழிக்க முயன்றால் அனுமதி மறுக்கப்பட்டது. என் மனைவியின் கணக்கிலோ எல்லாம் நடந்தது. நான் எடுத்த படத்தை அழிக்க அவரிடம் விண்ணப்பம் போட வேண்டிய நிலை. வீட்டு நிர்வாகத்தை நாஸ் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது என்றார் அவர்.

அன்று மாலை முழுவதையும் வலை இடைமுகத்தில் தொலைத்தேன். பகிர்வுக் கோப்புறைகளுக்கான பக்கத்தில் அனுமதியைத் தொடும் திரைகள் இரண்டு உள்ளன. முதல் திரையில் எந்தப் பயனர் படிக்கலாம், எவர் எழுதலாம் என்று குறிப்பது சாம்பா, எஃப்டிபி போன்ற கோப்புப் பகிர்வுச் சேவைகளின் வாசலில் மட்டுமே செல்லுபடியாகும்; வட்டில் உள்ள கோப்பை அது தொடுவதே இல்லை. அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் எனப்படும் இரண்டாவது திரைதான் கோப்பு முறைமையில் கைவைக்கிறது. சாம்பா உள்ளே விட்டாலும் லினக்ஸ் மறுத்தால் மறுப்புதான். முதல் திரையில் எனக்கு முழு உரிமை இருப்பதாகக் காட்டியதை நம்பியே அத்தனை நேரமும் வீணானது. இந்த வேறுபாட்டை ஆவணம் விளக்குகிறது, திரை விளக்குவதில்லை. என் முதன்மையான குறை இதுவே.

கடைசியில் உண்மையைச் சொன்னது, கோப்புகளின் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளை. கோப்புறைகளின் உரிமையாளராக மனைவியின் பெயரும், குழுவின் இடத்தில் பெயரற்ற 1000 என்ற எண்ணும் இருந்தன. லினக்ஸ் வட்டில் எழுதிவைப்பது பெயரை அல்ல, எண்ணை. மடிக்கணினியில் 1000 நான். நாஸில் மனைவியின் கணக்கை முதலில் உருவாக்கியதால் 1000 அவருக்குப் போய், எனக்கு 1001 வந்திருந்தது. கோப்புறைகளின் அனுமதி 755, அதாவது உரிமையாளர் மட்டுமே எழுதலாம், மற்றவர் படிக்கலாம் என்பதால், உரிமையாளரும் அல்லாத குழுவினரும் அல்லாத எனக்குப் படிக்கும் உரிமை மட்டுமே மிஞ்சியது. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மீதன்று, அதைத் தாங்கும் கோப்புறையின் மீதே எழுதும் உரிமை வேண்டும்.

இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. இயல்பாக அது பகிர்வுக் கோப்புறையை 'யூசர்ஸ்' குழுவுக்கு உரியதாக, 2775 அனுமதியுடன் (உரிமையாளரும் குழுவினரும் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும்) அமைக்கிறது. முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே புதிதாக உருவாகும் எதுவும் அதே குழுவைப் பெறும்படி செய்கிறது. பழைய எண்களை அப்படியே கொண்டுவரும் '-ஏ' விருப்பத்தால் அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் நானே. எல்லாவற்றையும் 777, அதாவது எவரும் எழுதலாம் என்று ஆக்கிவிடுங்கள் என இணையத்தில் எளிதாக அறிவுரை கிடைக்கும்; 'யூசர்ஸ்' குழுவில் இல்லாத கணக்கிலிருந்தும்கூட எதையும் அழிக்கலாம் என்ற நிலையை அது உண்டாக்கும் என்பதால் நான் அதைச் செய்யவில்லை. குழுவை 'யூசர்ஸ்' என மாற்றி, கோப்புறைகளுக்கு 2775, கோப்புகளுக்கு 664 என்று அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது. கட்டளை வரிக்கு அஞ்சுவோருக்கு 'ரீசெட்பெர்ம்ஸ்' என்ற கூடுதல் செருகுநிரல் இதே வேலையைச் சில சொடுக்குகளில் முடிக்கிறது. ஆனால் செயலிகளைத் தனித்தனிப் பெட்டகங்களாக இயக்கும் டாக்கரின் தரவு இருக்கும் கோப்புறையில் மட்டும் அதை ஏவக் கூடாது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் தன் கோப்புறையின் அனுமதி 700 அல்லது 750 ஆக இல்லாவிட்டால் தொடங்கவே மறுக்கும்.

பெட்டியாக விற்கப்படும் நாஸ்களின் மெருகு இதில் இல்லை. 'எல்எஸ்' தரும் ஒரு வரியைப் படித்துப் புரிந்துகொள்ள விருப்பமுள்ளவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு நேரமில்லாதவர் பணம் கொடுத்துப் பெட்டியை வாங்குவதே நல்லது. நிறுவுவோர் எவராயினும், பழைய கணினியில் 1000 ஆக இருந்தவரின் கணக்கை முதலில் உருவாக்கிக்கொள்ளட்டும். விண்டோஸ் பழைய இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால், பயனரின் குழுவை மாற்றிய பின் ஒருமுறை வெளியேறி, மீண்டும் உள்நுழைந்த பிறகே சோதித்துப் பார்க்க வேண்டும்.