காய்கறி கழுவும் திரவம்: ஒரு பாட்டில் தீர்ந்த பிறகு

ஒரு மாதமாகக் காய், பழம் எல்லாவற்றையும் இந்தத் திரவத்தில்தான் கழுவினேன், பாட்டில் தீர்ந்துவிட்டது, இனி வாங்கமாட்டேன். 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சரி, உண்மையென்றே வைத்துக்கொள்வோம். 10 லட்சம் பாக்டீரியா இருந்தால் 1,000 மிஞ்சும், அதில் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காதவையும் இருக்கலாம் என்பதுதான் என் கவலை. எருவிலும் பாசன நீரிலும் கலந்து அவை பயிருக்கு வந்துசேர்கின்றன. நமக்கு உடனே நோய் வராவிட்டாலும், தம்மிடம் உள்ள, மருந்தை எதிர்க்கவைக்கும் மரபணுவைக் குடலில் இருக்கும் வேறு பாக்டீரியாவுக்குக் கைமாற்றிவிட அவற்றால் முடியும்.

கீரையில்தான் இது மோசமாகத் தோற்றது. சொன்னபடியே ஊறவைத்து அலசி எடுத்து, ஒரு இலையை விரித்துப் பார்த்தால் காம்பு மடிப்பில் மண் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணே போகாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாதது எப்படிப் போகும்?

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, காய்கறிக்குச் சோப்போ டிடர்ஜென்டோ இப்படி விற்கிற திரவமோ வேண்டாம், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள் என்றுதான் சொல்கிறது. இப்போது குழாயடியில் இலை இலையாகத் தேய்க்கிறேன், வெள்ளரிக்காய்க்குப் பிரஷ், அப்புறம் சுத்தமான துணியால் துடைத்துவிடுகிறேன். கழுவினால் குறையுமே தவிர முழுதாகப் போகாது, அதனால் சமைக்க முடிந்ததைச் சமைத்துவிடுகிறேன், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் நன்றாக வேகவைத்தால் மற்றவை போலவே செத்துப்போகும். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன்.

எந்தக் கிருமியை வைத்துச் சோதித்தார்கள் என்று லேபிளில் ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. 5-க்கு 1.