புரூக்லாண்ட்ஸா, ஷட்டில்வொர்த்தா?

பழைய பந்தயக் கார், பழைய விமானம் இரண்டிலும் பித்துள்ளவருக்கு இங்கிலாந்தில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போகலாம்?

லண்டனுக்குத் தென்மேற்கே, வேபிரிட்ஜ் அருகே உள்ள புரூக்லாண்ட்ஸ், மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் தடம். 1907இல் திறந்தார்கள். வளைவுகளில் கான்கிரீட் சுவர்போல் ஏறி நிற்கிறது, உயரம் கிட்டத்தட்ட 30 அடி. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான், 24 லிட்டர் நேப்பியர்-ரெயில்டனில் ஜான் காப் 1935இல் மணிக்கு 143.44 மைல் வேகத்தில் சுற்றியதன் துணிச்சல் உறைக்கும். அந்தக் காரும் இப்போது அங்குள்ள அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டும் உண்டு. ஆனால் என் மனம் நிற்பது வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்திடம். இங்கேயே செய்யப்பட்டு, 1940இன் கடைசி நாளில் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கி, 1985இல் வெளியே எடுக்கப்பட்டது. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வகுத்த, கூடை முடைந்தாற்போன்ற உலோகச் சட்டகத்தைக் கண்ணாரப் பார்க்கலாம்.

பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஷட்டில்வொர்த் வேறு ரகம். 1935 டோனிங்டன் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தை வென்ற ரிச்சர்ட் ஷட்டில்வொர்த்தின் சேகரிப்பு அது. அங்கே விமானங்கள் இன்றும் பறக்கின்றன, 1909ஆம் ஆண்டின் பிளேரியோ என்ற பிரெஞ்சு விமானம் உட்பட. முதல் உலகப்போர்க் கால ரோட்டரி எஞ்சின் (உருளைகளே சுழலும் வகை) ஓடும்போது, அதற்கு மசகாக ஊற்றும் விளக்கெண்ணெயின் வாடை மூக்கில் ஏறும்.

பறக்கும் நாளும் அடங்கிய காற்றும் அமைந்தால் ஷட்டில்வொர்த்துக்கே என் ஓட்டு. மற்ற நாட்களில் யோசிக்கவே வேண்டாம், லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் வேபிரிட்ஜ் ரயிலைப் பிடியுங்கள்.