பழைய வர்த்தமானி அறிவித்தல்கள், மூன்று கட்டு: வாங்கலாமா?

திருகோணமலைப் பட்டினத்தில், கலியாணக் கார்டும் கடிதத் தலைப்பும் அச்சடித்துக்கொண்டு, கூடவே கோயில் கணக்குப் புத்தகங்களையும் பாடசாலைப் பதிவேடுகளையும் கட்டித் தருகிற சிறிய கடையொன்றில், பிரித்தானியர் காலத்து இலங்கை அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்த அறிவித்தல்களைப் பிரதியெடுத்து, கப்பல், கமம் (வேளாண்மை), பகிரங்க வேலைகள் என்று மூன்று கட்டுகளாகத் தைத்து விற்கிறார்கள். மூன்றும் சேர்த்து 7,500 ரூபாய். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வர்த்தமானியைக் குறிக்கிற ‘கசற்று’ என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குக் கால் தானாக நின்றுவிடும். தை மாதம் வாங்கினேன். இந்த ஐந்து மாதத்தில் மூன்றையும் ஒரு முறை முழுவதுமாகவும், கமக் கட்டை மட்டும் மூன்று முறையும் படித்திருக்கிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. பட்டினத்தில் இருப்பவர்களுக்கு விசாரித்தால் தெரியவரும்.

வர்த்தமானியின் முதல் இதழ் 1802 மார்ச் 15 ஆந் திகதி, தேசாதிபதி பிரடெரிக் நோர்த் காலத்தில் வெளிவந்தது. ‘கொழும்பு ஜேர்னல்’ 1832 இல் தொடங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்த நாட்டில் படிப்பதற்கென்று இருந்த செய்தித்தாள் ஏறக்குறைய அது ஒன்றுதான். ஆகவே இன்று வெள்ளிக்கிழமைதோறும் வருகிற வர்த்தமானியை மனதில் வைத்துக்கொண்டு, நியமனங்களும் காணி சுவீகரிப்பும் மட்டுமே இருக்கும் என்று எண்ணிப் பழையதைத் திறப்பவர் வியந்துபோவார். வந்துசேர்ந்த கப்பல்களின் பெயர்கள், அவற்றில் வந்த பிரயாணிகள், சாராயக் குத்தகை, மீன் குத்தகை, நெல் வரிக் குத்தகை, தப்பியோடிய கைதி, இறந்தவரின் தளபாட ஏலம் எல்லாம் ஒரே தாளில் தோளோடு தோள் உரச நிற்கும். அந்த நெருக்கத்தைப் பிரித்து மூன்று கட்டாக்கியதுதான் இந்தத் தொகுப்பின் பெரிய பிழை என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கட்டுவேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மெச்சத்தக்கது. இப்போது எங்கு கொடுத்தாலும் முதுகில் சூடான பசையை ஊற்றி ஒட்டித் தருகிறார்கள். ஆறு மாதத்தில் பக்கங்கள் கொட்டுண்டு போகும். இங்கே எட்டு எட்டுத் தாளாக மடித்து, நூலால் தைத்து, நாடா வைத்து, கலிக்கோத் துணியில் முதுகு போட்டிருக்கிறார்கள். மேசையில் திறந்து வைத்தால் கை எடுத்த பிறகும் அப்படியே படிந்து கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கோதுமைப் பசையோடு துத்தம் கலந்த அந்தக் கடும் நெடி வருகிறது. எங்கள் கந்தோரின் பதிவேட்டு அறையில் நான் முப்பது வருடம் சுவாசித்த நெடி அது. புத்தகப்பூச்சிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. உப்புக் காற்று அடிக்கிற இந்த ஊரில் இது சிறிய விடயமில்லை.

ஆனால் தைத்து முடித்த கட்டை ஓரம் வெட்டியவருக்குக் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. கமக் கட்டில் மட்டும் பதினொரு பக்கங்களில் கீழ் விளிம்பு போய்விட்டது. வர்த்தமானி அறிவித்தலின் கீழ் விளிம்பில் என்ன இருக்கும் என்று கச்சேரியில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கும் தெரியும்: கந்தோரின் பெயர், திகதி, யாருடைய கட்டளைப்படி என்ற வரி, கையொப்பமிட்டவரின் பதவி. அந்த நான்கும் இல்லாத அறிவித்தல் வெறும் கடதாசி. எங்கள் காலத்தில் அப்படியொன்றைக் கோவையில் சேர்த்தால் பிரதம எழுதுவினைஞர் மேசைக்கு அழைத்துத் திருப்பித் தருவார்.

உதாரணத்துக்கு ஒன்று. கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று ஆகிய, எங்கள் மாவட்டத்து மூன்று நிர்வாகப் பிரிவுகளின் நெல் வரியையும் குத்தகைக்கு விடுவதாக ஒரு பக்கம் சொல்கிறது. கூடிய விலை கேட்பவருக்கே குத்தகை. ஏலத்துக்கு வருகிறவர் பிணையாளர்களையும் கூட்டிவர வேண்டும். விளைச்சலில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கேட்டது. அதைத் தானே வசூலிக்காமல் குத்தகைகாரனிடம் விற்றது. குத்தகைகாரன் கொடுத்த பணத்துக்குமேல் எடுக்க வேண்டுமென்று களத்து மேட்டில் வந்து நின்றான். இவ்வளவும் அந்தப் பக்கத்தின் இரண்டாம் பந்தியைப் படிக்கும்போதே கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் எந்த ஆண்டு? அதைத்தான் கத்தி கொண்டுபோயிற்று.

திகதி இல்லாத பக்கத்துக்குக் காலம் கணிக்க நான் கண்ட வழியைச் சொல்கிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். பணத்தைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்திலிருந்து புழங்கிய ரிக்ஸ்டொலர் என்ற நாணயத்தில் கணக்குச் சொல்லியிருந்தால் அது மிகப் பழையது. 1825 இல் ஒரு ரிக்ஸ்டொலர் 1 ஷிலிங் 6 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்ட பிறகு அரசாங்கக் கணக்கு பவுணுக்கு மாறத் தொடங்கியது. பவுணும் ஷிலிங்கும் இருந்தால் அதற்குப் பிந்திய அரை நூற்றாண்டு. ரூபாயும் சதமும் இருந்தால் 1872 அளவிலோ அதன் பிறகோ. நெல் வரி என்ற பேச்சே இருந்தால் 1893 க்கு முந்தியது, ஏனென்றால் தேசாதிபதி ஹவலொக் காலத்தில் 1892 இல் அந்த வரி எடுபட்டுப் போயிற்று. இந்த முறையில் பதினொன்றில் எட்டுப் பக்கங்களை ஓரளவு இடம்சேர்த்துவிட்டேன். 7,500 ரூபாய் கொடுத்து வாங்கியவன் இந்த வேலையைச் செய்ய வேண்டுமா என்று மனைவி கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இனி, பிரித்த விதத்தைப் பற்றி. கப்பல் ஒரு கட்டு, கமம் ஒரு கட்டு, வேலைகள் ஒரு கட்டு என்பது காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ‘பாதை’க் குத்தகை அறிவித்தல்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். கிண்ணியாப் பாதை என்றால் எங்கள் மாவட்டத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும்: ஆட்களையும் வண்டில்களையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கிற மிதவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கும்வரை கிண்ணியாச் சனம் அதை நம்பித்தான் இருந்தது. தொகுத்தவர் எங்கள் பக்கத்து ஆளில்லை போலும்; பொருளடக்கத்தில் ‘பாதை’ என்று கண்டதும் வீதி என்று எடுத்துக்கொண்டு, வேலைகள் கட்டில் கல் உடைப்பதற்கும் மதகு கட்டுவதற்கும் நடுவில் அதைச் செருகிவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு யோசித்தால், சரியாகப் புரிந்திருந்தாலும் அவர் அதை எங்கே வைத்திருப்பார்? தண்ணீரில் போவதால் கப்பலா? வீதியின் தொடர்ச்சியாக இருப்பதால் வேலையா? கொட்டியாரத்து நெல் அதில் ஏறித்தான் பட்டினத்துக்கு வந்தது என்பதால் கமமா? மூல இதழில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

இதைவிடத் தீவிரமான ஒன்று 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச்சட்டம். பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஷிலிங் கட்ட வேண்டும் என்றது அது. இது வேலைகள் கட்டில் இருப்பது முறைதான். ஆனால் கையில் காசு புழங்காத கமக்காரனுக்கு அந்த ஆறு நாள் எந்த மாதத்தில் வந்தது என்பதல்லவா விடயம்? பெரும்போகத்துக்கு உழுகிற நாளில் வந்ததா, நெற்கதிர்ச் சூடு மிதித்து முடிந்து ஆறியிருக்கிற நாளில் வந்ததா? அந்தந்த வாரத்துக் கம அறிவித்தல் பக்கத்தில் இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். இப்போது ஒரு கையில் ஒரு கட்டும் மறு கையில் இன்னொரு கட்டுமாக வைத்துக்கொண்டு திகதி தேட வேண்டியிருக்கிறது. அந்தத் திகதியும் சில இடங்களில் வெட்டுண்டு கிடக்கிறது.

கட்டு கட்டாகச் சொன்னால், கமக் கட்டு ஒன்றுக்கே முழு விலையும் தகும். 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் தொடர்பான பகுதிகள் அதில் இருக்கின்றன. தேசாதிபதி ஹென்றி வார்ட் கொண்டுவந்த அந்தச் சட்டம், வயற்காரர் கூடித் தங்கள் பழைய வழமையை நிர்ணயித்து, அதற்கு எல்லாரையும் கட்டுப்படுத்த வழிசெய்தது. தம்பலகாமத்தில் எங்கள் மாமியின் காணிக்காக நான் போய் உட்கார்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், எந்தத் திகதியில் குளத்துத் தண்ணீர் விடத் துருசு திறப்பது, எந்தத் திகதிக்குப் பிறகு மாடு வயலில் இறங்கக் கூடாது என்று இன்றும் கை தூக்கித் தீர்மானிக்கிறோம். அதன் வேர் எங்கிருக்கிறது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. அதிகாரி மேசைக்குப் பின்னால் இருப்பதும், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானை எழுந்து நின்று முறைப்பாடு சொல்வதும், பின்வரிசையில் இருக்கிறவர் “எங்கட பக்கத்துக்குத் தண்ணி வாறேல்ல ஐயா” என்று குரல் கொடுப்பதும் அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழங்கதை மன்னன் குளக்கோட்டன் கட்டியது என்று நாம் சொல்கிற கந்தளாய்க் குளத்தை அரசாங்கம் 1870 களில் திருத்திய காலத்து அறிவித்தல்களும் உண்டு. 1986 சித்திரையில் அந்தக் குளம் உடைப்பெடுத்ததைக் கண்ட தலைமுறை அந்தப் பக்கங்களைச் சாதாரணமாகப் புரட்டிப்போக முடியாது. நானும் அன்றைக்கு அதற்குமேல் படிக்கவில்லை.

கப்பல் கட்டு எனக்கு ஏமாற்றந்தான். இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகத்தை வைத்திருக்கிற ஊரில் விற்கிற புத்தகத்தில் முக்கால்வாசி காலியும் கொழும்புமாக இருக்கிறது. அதில் தொகுத்தவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. வாடைக் காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாத போர்க்கப்பல்களுக்காகவே வெள்ளைக்காரன் 1795 இல் இந்த ஊரை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தான். கடற்படைக்குப் போதுமென்று வைத்துக்கொண்டு, வியாபாரத்துக்குக் கொழும்பில் 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினான். பணம் போன இடத்தில்தான் அறிவித்தலும் அதிகம். என்றாலும் தீவைச் சுற்றி ஓடிய ‘லேடி ஹவலொக்’, ‘லேடி கோர்டன்’ என்ற நீராவிக் கப்பல்களையும், 1863 இல் எழுந்த பவுல் முனை வெளிச்சவீட்டையும் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், இல்லை. சென்னைக்கு ஏற்றுமதியான எங்கள் சாவண்டலை மரத்தை ‘திருகோணமலைக் கட்டை’ என்று ஊர்ப் பெயராலேயே ஆங்கிலேயர் அழைத்ததும் எங்கும் தட்டுப்படவில்லை. தம்பலகாமக் குடாவின் முத்துச்சிப்பிக் குத்தகை மட்டும் இரண்டு பக்கம் வருகிறது. அந்த இரண்டும் அருமை.

வேலைகள் கட்டில் கேள்விப்பத்திர அறிவித்தல்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். ஒப்பந்தகாரர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ருசிக்கலாம்.

குறைகளை எழுதிக்கொண்டு கடைக்கு நேரே போனேன். கடைத் தம்பி கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், மழுப்பவில்லை. “ஐயா, வெட்டு மெசினில பிழையில்ல, என்ர கையிலதான் பிழை. மூலப் பிரதி கிடக்கு. அந்தப் பதினொரு பக்கத்துக்கும் கீழ்வரியை மட்டும் துண்டாய் எடுத்து ஒட்டித் தாறன்” என்றார். பாதை விடயத்தைச் சொன்னபோது, தான் புத்தளத்துப் பக்கம் என்றும், பொருளடக்கம் போட்டது தானேதான் என்றும் சொல்லி, தலையைச் சொறிந்தார். அடுத்த பதிப்பில் திகதி வரிசையில் ஒரே கட்டாகப் போட முடியுமா என்று கேட்டேன். மொத்தம் கூடினால் தைக்க முடியாதாம், ஊசி வளைந்துவிடுமாம். அப்படியானால் ஆண்டு வாரியாக மூன்றாகப் பிரிக்கலாமே என்றேன். அதை யோசிக்கவில்லை என்று ஒரு பழைய கலியாணக் கார்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

ஆகவே வாங்க நினைக்கிறவர்களுக்கு: மூன்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, கேட்டால் கமக் கட்டைத் தனியே 2,800 ரூபாய்க்குத் தருகிறார். கடையிலேயே நின்று கீழ் விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எனக்கு வர வேண்டிய பதினொரு துண்டுகளில் ஒன்பது வந்து, துத்தப் பசையோடு ஒட்டியும் ஆயிற்று. நெல் வரி ஏலத்துப் பக்கத்தின் துண்டு மிச்சம் இரண்டில் ஒன்று. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.