குளிரில் பிடிக்காத வண்டி: பழைய கார்புரேட்டரைச் சீர்செய்வதா, புதிய லோக்கல் கார்புரேட்டர் மாட்டுவதா?

உதகையில் திசம்பர் மாத விடியற்காலையில், வெளியே நிற்கும் வண்டியின் சீட்டில் உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும். 2006-ஆம் ஆண்டில் வாங்கிய என்னுடைய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி, 2022-ஆம் ஆண்டின் அப்படியொரு குளிர்காலத்தில், சோக்கை முழுவதும் இழுத்து இருபது முறை உதைத்தாலும் பிடிக்காமல், பிடித்தாலும் சோக்கைத் தள்ளிய மறுநொடியே நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது. அதே வண்டி ஒருமுறை சூடேறிவிட்டால், மார்க்கெட்டில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்த பிறகும் முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மெக்கானிக்குகள் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும், வண்டியோடு வந்த கார்புரேட்டரை முழுவதுமாகப் பிரித்து, சுத்தம் செய்து, ரிப்பேர் கிட் போட்டு மீண்டும் பூட்டுவது. மற்றொன்று, உதிரிபாகக் கடையில் அதே மாடலுக்கென்று விற்கும் லோக்கல் கார்புரேட்டரை வாங்கி மாட்டிவிடுவது. நான் முதலில் இரண்டாவது வழியில் போய், எட்டு மாதம் ஓட்டிவிட்டு, பிறகு முதல் வழிக்குத் திரும்பியவன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் தராசு பழைய கார்புரேட்டரின் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது செலவையும் நேரத்தையும்தான். லோக்கல் கார்புரேட்டரை மாட்ட அரை மணி நேரம் போதும். பழையதைச் சரியாகப் பிரித்துப் பூட்ட ஒரு பகல் ஆகும். கிட், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம், கூலி எல்லாம் சேர்ந்தும் எனக்கு ஆன செலவு லோக்கல் கார்புரேட்டரின் விலையில் ஏறத்தாழப் பாதி. மறுநாளே வேலைக்கு வண்டி வேண்டும் என்பவருக்கு நேரமும், கையைக் கடிக்கக்கூடாது என்பவருக்குச் செலவும் முக்கியமாகப் படலாம். என் முடிவு இவை இரண்டையும் வைத்து எடுக்கப்பட்டதன்று.

எந்த வழியில் போனாலும், நோய் கார்புரேட்டரில்தான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சோக்கை இழுத்துப் பத்து முறை உதைத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முனை உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். நனைந்திருப்பின் தீப்பொறியில் குறை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள். வால்வு இடைவெளி குறைந்துபோயிருந்தால் அமுக்கம் இறங்கிக் குளிரில் வண்டி அடம்பிடிக்கும் என்பதால், அதையும் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு வைத்துப் பார்த்துவிட வேண்டும். என் வண்டியில் வால்வு சரியாக இருந்தது, பிளக் எலும்புபோல் உலர்ந்திருந்தது.

இனி, குளிரில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை என்பதைப் பார்க்கலாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது சூடான எஞ்சினுக்குப் பொருந்தும் கணக்கு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடுவதால், அதைவிடப் பல மடங்கு செறிவான கலவையைக் கொடுத்தால்தான் எரியத்தக்க ஆவி கொஞ்சமேனும் சிலிண்டருக்குள் போய்ச் சேரும். 2023 பிப்ரவரி முதல் பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கிய, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இதை மேலும் கடினமாக்குகிறது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட மிகுந்த வெப்பம் தேவை, தவிர அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது.

என் வண்டியிலிருப்பது பட்டாம்பூச்சி வகைச் சோக். அதை இழுத்தால் கார்புரேட்டரின் வாய் அடைபட்டு, எஞ்சினின் உறிஞ்சு விசை, வண்டி ஓடும்போது பெட்ரோலைத் தரும் பெரிய துளையான மெயின் ஜெட் உட்பட எல்லாத் துளைகளிலிருந்தும் பெட்ரோலை இழுத்துவரும். சோக்கைத் தள்ளியவுடன் அந்த இழுப்பு நின்று, ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடுவது) முழுவதும் பைலட் ஜெட் என்னும் சிறிய துளை ஒன்றையே நம்பி நிற்கும். சோக்கில் பிடிப்பதும் சோக்கைத் தள்ளினால் சாவதும் பைலட் ஜெட் அடைபட்டிருப்பதற்கான ஏறக்குறைய நேரடியான அறிகுறி. எஞ்சின் சூடேறிய பிறகு குறைந்த பெட்ரோலே போதுமாகிவிடுவதால், அரைகுறையாக அடைபட்ட ஜெட்டும் சமாளித்துக்கொண்டுவிடுகிறது.

இந்தப் பைலட் ஜெட் எவ்வளவு சிறியது என்பதைக் கையில் எடுத்துப் பார்க்காதவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 35 என்று எண் பொறித்த ஜெட்டின் துளை ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். பழைய கார்புரேட்டரைப் பிரித்தபோது அதைச் சாளர வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்; வட்டமான புள்ளியாகத் தெரிய வேண்டிய வெளிச்சம், மூன்றாம் பிறைபோல ஓரத்தில் ஒரு கீற்றாக மட்டும் தெரிந்தது. நின்றுபோன பெட்ரோல் ஆவியாகி விட்டுச்சென்ற பிசின்தான் எஞ்சிய இடத்தை அடைத்திருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் அடியிலோ மீன்முட்டைபோலத் தண்ணீர்த் துளிகள் உருண்டுகொண்டிருந்தன.

இதெல்லாம் பின்னால் நடந்தது. முதலில் நான் செய்தது லோக்கல் கார்புரேட்டரை வாங்கி மாட்டியதுதான். அதற்குரிய நியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது: மாட்டிய மறுநாள் காலையில் வண்டி இரண்டாவது உதையிலேயே பிடித்தது. சோக் லீவரின் ஸ்பிரிங் தளர்வாக இருந்ததால் அது தானாகவே நழுவி இறங்கியதும், மைலேஜ் சற்றுக் குறைந்ததும் தவிர, மே மாதம் வரை எனக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. ஆகஸ்டில் இரண்டு வாரம் ஊரில் இல்லாமல், மழையில் வண்டியை நிறுத்தி வைத்திருந்துவிட்டுத் திரும்பிவந்தபோது, பழைய நோய் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

சரி, ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று பவுலைத் திறந்தேன். மெயின் ஜெட்டின் தலையில் ஸ்குரூ டிரைவர் பதியும் வெட்டு இருந்தது. பக்கத்திலிருந்த பைலட் ஜெட்டில் அந்த வெட்டே இல்லை. அது மரை போட்டுத் திருகப்பட்டதன்று, உடலோடு அழுத்திச் செருகப்பட்ட ஒரு பித்தளைக் குழல். கழற்றினால் மீண்டும் பொருத்த முடியாது. கழற்றாமல் ஸ்பிரேயை அடித்துப் பார்த்தேன், ஒரு வாரம் ஓடியது, மீண்டும் அடைத்துக்கொண்டது. எல்லா லோக்கல் கார்புரேட்டர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் மலிவான பலவற்றில் இந்த அமைப்பு இருக்கிறது, கடையில் பெட்டியைத் திறந்து, நான்கு திருகுகளைக் கழற்றிப் பவுலுக்குள் பார்க்காதவரை அது தெரியவும் தெரியாது. விற்பவர் அதைப் பார்க்க விடுவாரா என்பது வேறு கேள்வி.

நான் முடிவெடுத்தது இந்த ஒரே காரணத்தால்தான். பைலட் ஜெட் அடைபடுவது என்றோ ஒருநாள் நேரும் விபத்தன்று. இன்றைய பெட்ரோலில், அடிக்கடி ஓட்டாத பழைய வண்டியில், அது மழைக்காலம்தோறும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஆகவே ஒரு கார்புரேட்டர் முதல் நாளில் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதைவிட, ஐந்தாவது முறை அடைபடும்போது அதை என்ன செய்ய முடியும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. கழற்றக்கூடிய ஜெட் என்றால் கால் மணி நேர வேலை. கழற்ற முடியாத ஜெட் என்றால் மறுபடியும் ஒரு கார்புரேட்டர் வாங்க வேண்டும். தவிரவும், பழையதில் ஒவ்வொரு ஜெட்டின் மேலும் எண் இருக்கிறது, கையேட்டில் அதற்குரிய அளவு இருக்கிறது. ஆகவே எங்கே தொடங்கினோம், எங்கே விலகிப்போனோம் என்பதைத் தெரிந்துகொண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நான் வாங்கிய லோக்கலில் மெயின் ஜெட்டின் மேல் எண்ணே இல்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை மாசு விதி நடைமுறைக்கு வந்து புதிய வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்ட நிலையில், கார்புரேட்டரைக் காதால் கேட்டே ட்யூன் செய்யும் மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால், அளவுகள் தெரிந்த ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பதன் அருமை புரியும்.

மலையில் வாழ்பவருக்கு இது இன்னும் ஒரு படி கூடுதல். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சமவெளிக்கென்று அமைந்த ஜெட் இங்கே செறிவான கலவையைத் தரும். இங்கே சரிசெய்த ஏர் ஸ்குரூவோடு (கலவையைத் திருத்தும் திருகு) மேட்டுப்பாளையம் இறங்கினால் கலவை மெலிந்துபோகும். கீழே இறங்கும்போது அரைச் சுற்று, மேலே வரும்போது அரைச் சுற்று என்று திருத்திக்கொள்ள, திருகு நம்பகமாக வேலை செய்ய வேண்டும். காற்று வடிகட்டியின் பக்கம் இருக்கும் திருகு காற்றை அளப்பது, அதை இறுக்கினால் கலவை செறிவாகும். எஞ்சின் பக்கம் இருப்பது பெட்ரோல் கலவையை அளப்பது, அதைத் தளர்த்தினால்தான் செறிவாகும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு ஒரு வாரம் எதிர்த்திசையில் திருகிக்கொண்டிருந்தவன் நான் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பழையதைச் சீர்செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, ஜெட்டின் துளையைக் குத்துவது. கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த எஃகுக் கம்பி இழையை விட்டுக் குத்துவது பட்டறைகளில் சாதாரணம். பித்தளை மென்மையானது என்பதால் துளை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகி, வண்டி பிடித்தாலும் பிளக் கரிபடியத் தொடங்கும். நான் ஜெட்டுகளை மட்டும் ஓரிரவு கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் கழுவி, கண்ணாடிக் கடையில் ஃபிரேம் கழுவும் சிறிய அல்ட்ராசானிக் தொட்டியில் சோப்புத் தண்ணீரோடு பத்து நிமிடம் போட்டு வாங்கினேன். கடைக்காரர் முதலில் விசித்திரமாகப் பார்த்தார், பிறகு பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தொட்டியில் பெட்ரோலையோ தின்னரையோ ஊற்றும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது, தீப்பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ஓ-ரிங். பல ஆண்டு வெப்பத்தில் கடினமாகிப்போன ரப்பர் குளிரில் மேலும் சுருங்கி, அந்த இடுக்கில் காற்றை விட்டுவிடும். எஞ்சின் சூடேறியதும் மீண்டும் பொருந்திக்கொள்ளும். ஆகவே குளிரில் மட்டும் தோன்றும் நோய்க்கு இதுவும் ஒரு காரணம், புதிய லோக்கல் கார்புரேட்டரைப் பழைய ஓ-ரிங்கோடு மாட்டினால் அது அப்படியே தொடரும். என் கார்புரேட்டரின் இணைப்பு முகம், யாரோ போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால், நடுவில் வளைந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்தபோது, இரு ஓரங்களிலும் முதலில் பளபளப்பு தெரிந்து, இருபது நிமிடத்தில் முகம் முழுவதும் ஒரே நிறமானது.

புதிய கார்புரேட்டர்தான் சரி என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் த்ராட்டில் ஸ்லைடு தேய்ந்து, கையால் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா, பவுல் திருகுகளின் மரை அழிந்துவிட்டதா, தண்ணீர் நின்று உட்புறம் வெள்ளைப் பொடியாக அரித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை. அப்போதும், காத்திருந்தாவது, கூடுதலாகக் கொடுத்தாவது, கம்பெனிக் கார்புரேட்டரை வாங்குவேன். அது கிடைக்காத மாடல் என்றால், ஜெட் கழலுமா என்று திறந்து பார்த்த பிறகே லோக்கலை வாங்குவேன். யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளிலும், டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு வைத்த வெற்றிடக் கார்புரேட்டர்களிலும் என் கை அதிகம் பட்டதில்லை. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் கணக்கே வேறு என்பதால், நான் சொன்னதை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

பழைய கார்புரேட்டர் திரும்பி மாட்டப்பட்டு இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. இடையில் மூன்று முறை பைலட் ஜெட்டைக் கழற்றிக் கழுவியிருக்கிறேன். சில நாள் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், வீட்டுக்குச் சற்று முன்பே பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பவுலில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவந்து நிறுத்துகிறேன். லோக்கல் கார்புரேட்டரைத் தூக்கி எறியவில்லை; செய்தித்தாளில் சுற்றி டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன், பழையது கழுவுவதற்குக் கிளீனரில் ஊறிக்கொண்டிருக்கும் அன்று மட்டும் அது வேலைக்கு வரும்.