பச்சையாகிப்போன மீன் தொட்டித் தண்ணீருக்கு 11 வாட் யூவி ஃபில்டர்: காசு கொடுத்து வாங்கலாமா?

கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு சிமென்ட் தொட்டி, கணக்குப் போட்டால் 1,350 லிட்டர் வரும். உள்ளே தங்க மீன்கள் மட்டும்தான். (கோய் கெண்டை விடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது இரண்டடிக்கு வளரும், இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம்.) சேலம் வெயிலுக்கு மாசி கடைசியிலேயே தண்ணீர் பச்சையாகிவிடும், கையை விட்டால் விரல் தெரியாது. தண்ணீரை மாற்றினாலும் ஒரு வாரத்தில் பழைய கதைதான். அதனால்தான் ஃபில்டர் டப்பாவும் யூவி (புற ஊதா) விளக்கும் சேர்ந்தே வருகிற செட் ஒன்றை டவுனில் ஒரு மீன் கடையில் வாங்கினோம். நாலாயிரத்துச் சொச்சம், பம்பு தனி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பச்சை போய்விட்டது, அதுவும் ஒரு வாரம் பத்து நாளுக்குள். அந்தப் பச்சை என்பது தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் பாசி. ஃபில்டருக்குள் இருக்கிற எந்தப் பஞ்சிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். யூவி வெளிச்சத்தைத் தாண்டும்போதுதான் அது சாகிறது, செத்தது கட்டியாகச் சேர்ந்த பிறகுதான் பஞ்சு பிடிக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பஞ்சு சீக்கிரம் சீக்கிரம் அடைக்கும், மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கடைக்காரர் மணிக்கு 3,000 லிட்டர் பம்பைத்தான் எடுக்கச் சொன்னார். வேண்டவே வேண்டாம். தண்ணீர் விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும், வேகமாக ஓடினால் பாசி தப்பித்துவிடும். இந்தத் தொட்டிக்கு மணிக்கு 1,500 லிட்டரே தாராளம்.

இனி டப்பா மேல் எழுதியிருக்கிற வாசகத்துக்கு வருவோம். 'பாசியே இருக்காது' என்று போட்டிருக்கிறார்கள், அது பாதிப் பொய். சுவரில் தலைமுடி மாதிரி ஒட்டி வளர்கிற பாசி விளக்குப் பக்கமே வராதே, அப்புறம் எப்படிச் சாகும்? அதைக் கையால்தான் இழுத்துப் போட வேண்டும். அடியில் சேர்கிற மீன் கழிவு, மாமரத்துச் சருகு, இதற்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஏற்காட்டில் மச்சான் வீட்டிலும் இதே செட்டைத்தான் மாட்டியிருக்கிறார்கள், அங்கே சில்வர் ஓக் நிழலும் குளிரும் இருப்பதால் பச்சைத் தொல்லையே கிடையாது, ஆனால் இலை ஊறி ஊறித் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் நிற்கிறது. அதை யூவி ஒன்றும் செய்யாது, கரி போட்ட பைதான் வேண்டும். அவர்களுக்கு இந்தச் செலவு தண்டம் என்பேன்.

இன்னொன்று, தெளிவாக இருக்கிற தண்ணீர் எல்லாம் மீனுக்கு நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். மீன் விடுகிற அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது. அதைத் தின்று கரைக்கிற பாக்டீரியா பஞ்சிலும் ஃபில்டர் டப்பாவுக்குள் போடுகிற பிளாஸ்டிக் உருண்டைகளிலும்தான் குடியிருக்கும், அது நன்றாகப் பிடிக்க ஒன்றரை மாதமாவது ஆகும். இந்த செட்டில் உருண்டை கைப்பிடி அளவுதான் கொடுத்திருக்கிறார்கள், கஞ்சத்தனம். பாத்திரம் தேய்க்கிற நைலான் நார், சோப்பு தடவாதது, நாலு வாங்கி உள்ளே திணித்தோம், நன்றாகவே வேலை செய்கிறது. பஞ்சைக் கழுவும்போது குழாயடியில் பிடிக்காதீர்கள், மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், பாக்டீரியாவுக்கு ஆகாது. தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் மொண்டு அதில் பிழிந்தால் போதும்.

மின்சாரச் செலவு பெரிதில்லை. விளக்கு 11 வாட், பம்பு 25 வாட், இரவு பகல் ஓடினால் இரண்டு மாத பில்லில் 52 யூனிட் கூடும். தொந்தரவு ஷட் டவுன் அன்றுதான். மூடிய டப்பா என்பதால் அரை நாள் தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே காற்றில்லாமல் நாற ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் முதலில் வருகிற தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வாழைக்குத் திருப்பி விடுங்கள்.

குறை என்று பார்த்தால் இரண்டு. விளக்கைச் சுற்றியிருக்கிற குவார்ட்ஸ் குழாயில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் அதற்கு ஆறு திருகாணி கழற்ற வேண்டியிருக்கிறது, கிளிப் வைத்திருக்கலாம். இரண்டாவது ஓ-ரிங், அதாவது மூடி கசியாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையம். முதல் தடவை திறந்து மூடியதுமே கசிந்தது, கடையில் கேட்டால் தனியாக வராது, மூடியோடு வாங்குங்கள் என்றார்கள். கடைசியில் மோட்டார் ரிப்பேர்க் கடையில் அதே அளவு ரப்பர் இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. எரிகிற விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்.

வெயில் விழுகிற சமவெளித் தொட்டிக்கு 5க்கு 4 கொடுப்பேன். வருஷம் ஒருமுறை பல்பை மாற்ற வேண்டும், நீல வெளிச்சம் தெரிந்தாலும் 8,000 மணி நேரம் தாண்டினால் யூவி குறைந்துவிடும். அதனால் வாங்கும்போதே அந்த மாடலுக்குப் பல்பு தனியாக வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வராது என்றால் அடுத்த கடை பாருங்கள்.