ஏழு கோடை, ஒரு மலிவு டென்ட்: சியரா நெவாடா அனுபவம்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் யோசெமிட்டி, செக்கோயா, கிங்ஸ் கேன்யன் என்று மூன்று தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. ஏழு வருடமாக நானும் தம்பியும் கோடைக்கு ஒரு தடவையாவது அங்கே போய் டென்ட் போட்டு, நடந்துவிட்டு வருகிறோம். இரண்டு பேருமே கை பார்த்துச் செலவழிக்கிற ஆட்கள். எதில் மிச்சம் பிடித்தோம், எதில் மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டோம் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் டென்ட். 110 டாலருக்கு வாங்கிய சாதாரண இரண்டு ஆள் டென்ட். விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் கோடையில் சியராவில் மழை குறைவு; எப்போதாவது பிற்பகலில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டும், அவ்வளவுதான். தையல் ஓரங்களில் மட்டும் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீலர் தடவினேன். ஆறு கோடை தாங்கியது. கடைசியில் அதைக் கெடுத்தது மழை இல்லை, என் சோம்பேறித்தனம். ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் போட்டேன். அடுத்த வருடம் பிரித்தால் மேல்துணி கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை வேறு. உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்தால் இப்படித்தான் ஆகும். அதன் பிறகு அதைத் தேற்ற முடியாது.

நான் ஏமாந்தது தரையில் விரிக்கும் மேட்டில்தான். ஸ்லீப்பிங் பேக்கில் மைனஸ் 7 டிகிரி குளிர்வரை என்று போட்டிருந்தது, அது போதும் என்று நம்பி, இருந்ததிலேயே மெல்லிய மேட்டை வாங்கினேன். செப்டம்பரில் யோசெமிட்டியின் டுவாலமி புல்வெளி, 2,600 மீட்டர் உயரம். நள்ளிரவில் முதுகுக்குக் கீழே யாரோ ஐஸ் பலகையைச் செருகியது மாதிரி இருந்தது. விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. நம் எடை அழுத்தும் இடத்தில் பேக்கின் பஞ்சு நசுங்கிவிடும். அங்கே அது வெறும் துணி. தரை உறிஞ்சும் சூட்டைத் தடுப்பது மேட் மட்டும்தான். அதோடு, பேக்கில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற எல்லை. நிம்மதியாகத் தூங்குவதற்கான ‘கம்ஃபர்ட்’ எண் அதைவிடச் சில டிகிரி மேலே, சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்த வருடம் ஆர் மதிப்பு (சூடு கீழே போகாமல் மேட் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 4-க்கு மேல் உள்ள மேட் வாங்கினேன். டென்ட்டைவிட விலை அதிகம். மனசு அடித்துக்கொண்டது, ஆனால் இன்றைக்கும் அதில்தான் படுக்கிறேன், பேக் அதே பழைய பேக். கையில் இருக்கும் காசைத் தலைக்கு மேலே போடுவதைவிட முதுகுக்குக் கீழே போடுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

தங்கும் இடத்துக்கு வருகிறேன். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கார் நிறுத்தி டென்ட் போடும் இடங்கள் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நாலைந்து தடவை விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் காட்டுக்குள் இரவு தங்கும் பெர்மிட் பக்கம் திரும்பினோம். அதில் 60 சதவீதம் 24 வாரம் முன்னதாகக் குலுக்கலில் போகிறது, மீதி 40 சதவீதம் ஏழு நாள் முன்னதாகத் திறக்கிறது. குலுக்கலில் எங்களுக்கு ஒரு தடவைகூட விழவில்லை. ஏழு நாள் கணக்கில், வார நடுவில் கிளம்பத் தயாராக இருந்தால், ‘இந்தப் பாதைதான் வேண்டும்’ என்று அடம் பிடிக்காமல் இருந்தால், பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு: அந்த பெர்மிட் வைத்திருப்பவர்கள், நடைக்கு முந்தின இரவும் முடிந்த இரவும் நடைபயணிகளுக்கென்றே இருக்கும் முகாமில் முன்பதிவு இல்லாமல் தங்கலாம். கட்டணமும் கொஞ்சம்தான். அந்த இரண்டு இரவுக்கும் அறை தேடி அலைகிற செலவு அப்படியே மிச்சம்.

எதுவும் கிடைக்காத வருடத்தில் பூங்கா எல்லையைத் தாண்டி, பக்கத்துத் தேசிய வனங்களில் தங்கினோம். அனுமதித்த இடங்களில் வாடகை கிடையாது. கழிவறையும் தண்ணீர்க் குழாயும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கேஸ் அடுப்பு பற்ற வைக்கக்கூட கலிஃபோர்னியா தீ பெர்மிட் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே எடுத்துவிடலாம்.

கரடி டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. யோசெமிட்டி காட்டுக்குள் போகிறவர்கள் சாப்பாட்டைக் கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் வைக்க வேண்டும். பற்பசை, சன்ஸ்கிரீன் என்று வாசனை உள்ள எல்லாமே உள்ளே. இதை வாங்கவே வேண்டாம், பெர்மிட் தரும் இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைத்த டப்பாவின் மூடியில் இரண்டு பூட்டு. ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும். எட்டு மைல் நடந்து, பசியோடு உட்கார்ந்து, பையைத் துழாவினால் இரண்டு பேரிடமும் ஒரு சில்லறைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் கார்டு தேய்க்கிற காலம்! தம்பி ஸ்பூன் காம்பை வைத்துப் பத்து நிமிடம் மல்லுக்கட்டினான். முதல் பூட்டு திரும்பியபோது காம்பு வளைந்துவிட்டது. இப்போதெல்லாம் டப்பாவை வாடகைக்கு எடுத்ததுமே வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒரு கால் டாலர் ஒட்டிவிடுகிறோம்.

செக்கோயாவின் மினரல் கிங் பகுதிக்குப் போனால் கவலை கரடி இல்லை, மார்மட். பூனை அளவுக்கு இருக்கும் இந்தக் கொழுத்த அணில் இனம் கோடைத் தொடக்கத்தில் காருக்கு அடியில் புகுந்து ரப்பர் குழாய், ஒயர் எல்லாவற்றையும் கடித்துவிடும். நிறுத்தியிருக்கும் கார்கள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் முதலில் சிரித்தோம். பிறகு நாங்களும் கட்டினோம். பழைய தார்ப்பாய் எங்கே, மலையிலிருந்து வண்டியை இழுத்து வரும் செலவு எங்கே?

சின்னதாக இரண்டு விஷயம். நாங்கள் வைத்திருக்கும் நுண்துளைக் குழாய் வகை தண்ணீர் ஃபில்டர் ஒரே ஒரு தடவை உறைந்தாலும் போச்சு. வெளியே பார்த்தால் தெரியாது, ஆனால் கிருமி தாண்டிவிடும். அதனால் குளிர் இரவுகளில் அது என்னோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்கும். கேஸ் டப்பாவும் அப்படித்தான்: சாதாரண பியூட்டேன் சுழியத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுக்கும், அடுப்பு சும்மா முனகும்.

இந்த வருடம் புது டென்ட் வாங்க வேண்டும். அதே 110 டாலர் ரகத்தில்தான் பார்க்கிறேன். இந்தத் தடவை காய வைப்பது தம்பியின் பொறுப்பு என்று எழுதியே வாங்கிவிட்டேன்.